கொழிஞ்சாம்பாறையில் முதலாளி, வெஸ்ட்லாந்தில் தொழிலாளி

2024 ஜூலை 8, திங்கட்கிழமை. காலை பதினொன்றரை மணிக்கு, கொழிஞ்சாம்பாறைப் பக்கம் கோகோபித் எனும் தென்னை நார்த் தூள் களம் வைத்திருக்கும் ஒருவருடைய கைப்பேசிக்கு, நெதர்லாந்தில் அவருக்காக வேலை பார்க்கும் ஒரு பெண்ணிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்தது. "ஐயா, எனக்குச் சரியான வருத்தம். இண்டைக்கு வேலை செய்ய ஏலாது."

முதலாளி பதறிப்போனார். முந்தின வாரம் ஒரு கன்டெய்னர் விஷயமாக அந்தப் பெண்ணிடம் போனில் கொஞ்சம் சத்தம் போட்டிருந்தார். அதை மனதில் வைத்துக்கொண்டுதான் சொல்கிறார் என்று நினைத்து, "எதுக்கு அம்மணி வருத்தம்? நாங்க ஏதாச்சும் தப்பாப் பேசியிருந்தா மனசுல வச்சுக்காதீங்க" என்று பதில் போட்டார். மூன்று நாள் கழித்துத்தான் புரிந்தது. அந்தப் பெண் ஈழத்தில் பிறந்து சிறு வயதிலேயே நெதர்லாந்துக்குப் போய்க் குடியேறியவர். அவருடைய தமிழில் வருத்தம் என்றால் நோய். சரியான வருத்தம் என்றால் கடுமையான நோய். அது என்ன நோய் என்று நான் இங்கே எழுதப்போவதில்லை. ஏன் என்பது பின்னால் வரும்.

அந்தக் களத்தின் பி.எஃப்., இ.எஸ்.ஐ., சம்பளக் கணக்குகளைப் பார்ப்பவன் நான். நடந்ததில் எனக்கும் பங்கு உண்டு. அந்தப் பெண்ணுக்கு முதலில் போட்ட ஒப்பந்தத்தைப் படித்துப் பார்த்துச் சரி என்று சொன்னதே நான்தான். இரண்டு பேரும் சம்மதித்த பிறகு, பெயரும் அடையாளமும் இல்லாமல் இதை எழுதுகிறேன்.

இரண்டு களம், ஆறு கிலோமீட்டர்

எங்கள் பக்கத்தைத் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு ஓரம் இது. கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, வேலந்தாவளம், கோபாலபுரம், எங்கே போனாலும் தென்னந்தோப்பு, எங்கே போனாலும் தமிழ். ரேஷன் கார்டு கேரளம், கல்யாணச் சம்பந்தம் பொள்ளாச்சி. மட்டையில் நார் எடுத்த பிறகு மிஞ்சுகிற தூளை ஒரு காலத்தில் ரோட்டோரம் கொட்டி வைத்திருந்தார்கள். இன்று அதைக் கழுவி, காயவைத்து, ஐந்து கிலோ கட்டிகளாக அழுத்தி, கப்பலில் அனுப்புகிறார்கள். நெதர்லாந்தின் கண்ணாடிக் கூண்டுத் தோட்டங்களில் தக்காளியும் குடைமிளகாயும் வளர்வது சில இடங்களில் இந்தத் தூளில்தான்.

நான் சொல்லும் குடும்பத்துக்கு இரண்டு களங்கள். ஒன்று கேரளத்தில், இன்னொன்று ஆறு கிலோமீட்டர் தள்ளித் தமிழ்நாட்டில். ஒரே முதலாளி, ஒரே சரக்கு, ஒரே லாரி. ஆனால் லாரி எல்லை தாண்டினால் சுமை ஏற்றும் சட்டம் மாறிவிடும். கேரளத்துக் களத்தில் 1978-ம் ஆண்டுச் சுமட்டுத் தொழிலாளர் சட்டம் உண்டு, தொழிற்சங்கம் உண்டு, நல வாரியம் உண்டு. யார் ஏற்றலாம், என்ன கூலி என்பதற்கு ஒரு முறை இருக்கிறது. வேலையே செய்யாமல் நின்று பார்ப்பதற்குக் கேட்கும் 'நோக்குகூலி'யை 2018 மே 1 முதல் அரசு ஒழித்ததும் இந்த மண்ணில்தான். தமிழ்நாட்டுக் களத்தில் முறை வேறு. குறைந்தபட்சக் கூலி அறிவிக்கையும் வேறு.

இது முதலாளிக்கு அத்துப்படி. "அங்க ஏத்துற ஆளை இங்க கூட்டியாந்து ஏத்த முடியாதுங்க, இங்க உள்ளவங்க விடமாட்டாங்க" என்று புது மேனேஜருக்கு அவரே பாடம் எடுப்பார். வேலை எந்த மண்ணில் நடக்கிறதோ அந்த மண்ணின் சட்டம் என்பதை எல்லைக்காரனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆறு கிலோமீட்டருக்குத் தெரிந்த அந்த விஷயத்தை, அத்தனை ஆயிரம் கிலோமீட்டர் தாண்டும்போது நாங்கள் இருவருமே மறந்துவிட்டோம். அந்தப் பெண் தமிழ் பேசியது அதற்கு ஒரு முக்கியக் காரணம் என்று நான் நினைக்கிறேன். நம் பேச்சைப் பேசுகிறவர் நம் சட்டத்துக்குள் இருக்கிறார் என்ற ஒரு மயக்கம்.

'சுயதொழில் ஆலோசகர்'

ஹாலண்டுக்குப் போகிற சரக்கில் பெரிய தலைவலி உப்பு. கழுவியது போதாவிட்டால் தூளில் உள்ள உப்பைக் காட்டும் இ.சி. அளவு ஏறிவிடும், செடியின் வேர் கருகும். அங்கே வாங்குபவர் படம் எடுத்து அனுப்பிப் பணத்தைப் பிடித்துக்கொள்வார். அந்தப் படம் நம் சரக்குதானா என்று போய்ப் பார்க்க ஆள் இல்லை. அதனால்தான் 2023 ஜனவரியில் அந்தப் பெண்ணை அமர்த்தினார்கள். ஹேக் நகரத்துக்குப் பக்கத்தில் வெஸ்ட்லாந்து என்ற பகுதி, முழுக்கக் கண்ணாடிக் கூண்டுகள். அவர் வாரம் நான்கு நாள், 32 மணி நேரம், தோட்டம் தோட்டமாகப் போவார். ஊறவைத்த தூளில் மீட்டரைக் குத்தி, எண் தெரிகிற மாதிரி படம் எடுத்து அனுப்புவார். முதல் ஆறு மாதத்திலேயே புகார்கள் பாதியாகக் குறைந்தன.

மாதம் 2,800 யூரோ. ஒப்பந்தம் இரண்டு பக்கம். அதில் அவர் 'சுயதொழில் ஆலோசகர்'. பி.எஃப். கிடையாது, விடுப்பு கிடையாது, மாதாமாதம் பில் போட்டுப் பணம் வாங்கிக்கொள்ள வேண்டும். இந்தியச் சட்டம் செல்லும், வழக்கு என்றால் பாலக்காட்டு நீதிமன்றம். இந்தக் கடைசி வரியைப் படித்துவிட்டுத்தான் நான் நிம்மதியாகத் தலையாட்டினேன்.

ஆனால் நடைமுறை வேறாக இருந்தது. காலை ஏழு மணிக்கு வேலை தொடங்க வேண்டும் என்று நேரம் வைத்தவர் முதலாளி. எந்தத் தோட்டத்துக்குப் போக வேண்டும் என்று தினமும் வாட்ஸ்அப்பில் சொன்னவரும் அவர். மின்னஞ்சல் முகவரி கம்பெனியுடையது. விசிட்டிங் கார்டில் 'ஐரோப்பிய விற்பனை மேலாளர்'. இ.சி. மீட்டர் கம்பெனி வாங்கிக் கொடுத்தது. ஊருக்குப் போக ஒரு வாரம் லீவு வேண்டும் என்று அவர் கேட்டதும், "இந்தக் கன்டெய்னர் போகட்டும் அம்மணி, அப்புறம் போங்க" என்று இவர் சொன்னதும் வாட்ஸ்அப்பிலேயே இருக்கிறது. வேறு வாடிக்கையாளர் யாரும் அவருக்கு இல்லை.

நம் நாட்டிலும் இப்படிப்பட்டவரைத் தொழிலாளி என்றுதான் சொல்வார்கள். 1957-லேயே சௌராஷ்டிரத்து உப்பளத் தொழிலாளர் வழக்கில் உச்ச நீதிமன்றம், வேலையை எப்படிச் செய்ய வேண்டும் என்பதில் முதலாளியின் பிடி எவ்வளவு என்று பார்த்துத்தான் அவர்களைத் தொழிலாளர் என்று தீர்ப்பளித்தது. காகிதத்தில் என்ன பெயர் என்பது முக்கியமில்லை. இது எனக்குத் தெரிந்த சட்டம். தெரிந்திருந்தும் அன்றைக்கு அந்த இரண்டு பக்கத்தில் அதைப் போட்டுப் பார்க்கவில்லை.

நல்ல மனதோடு செய்த தவறுகள்

நோய் என்று தெரிந்ததும் முதலாளி கல்நெஞ்சக்காரராக நடந்துகொள்ளவில்லை. அதை அழுத்திச் சொல்ல வேண்டும். அன்றைக்கே கூப்பிட்டார். "என்ன பண்ணுது அம்மணி? டாக்டர் என்ன சொன்னாரு? ரிப்போர்ட்டை அனுப்புங்க, கோயமுத்தூர்ல நமக்குத் தெரிஞ்ச டாக்டர்கிட்டக் காட்டிக் கேக்கலாம்" என்றார். நம் ஊரில் இதைவிடப் பெரிய அக்கறை கிடையாது. அவருடைய மனைவியும் போனை வாங்கி அதையே கேட்டார்.

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பேச்சில்லை. அப்புறம், "ஐயா, குறை நினைக்க வேண்டாம். வருத்தம் என்னெண்டு இங்க வேலை தாறவை கேக்கக் கூடாது. கொம்பனி டொக்டர் மட்டும்தான் கேக்கலாம்" என்றார்.

முதலாளிக்கு மனம் சுருங்கிவிட்டது. எதையோ மறைக்கிறார் என்று நினைத்தார். உண்மை என்னவென்றால், ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுப் பாதுகாப்பு விதிகளில் உடல்நலத் தகவலுக்குத் தனிக் காவல் உண்டு. நெதர்லாந்தில் வேலை தருபவர், எப்போது திரும்புவீர்கள், எந்த எண்ணில் பேசலாம், கையில் என்ன வேலை பாக்கி, வேலை செய்யுமிடத்து விபத்தா என்பது போன்றவற்றைக் கேட்கலாம். என்ன நோய், என்ன காரணம் என்று கேட்கக் கூடாது. தொழிலாளி தானாகச் சொன்னாலும் குறித்துவைக்கக் கூடாது. அதற்காகவே ஒவ்வொரு முதலாளியும் பணியிட மருத்துவச் சேவை ஒன்றோடு ஒப்பந்தம் வைத்திருக்க வேண்டும். அந்த மருத்துவர் பார்த்துவிட்டு, இவரால் எவ்வளவு வேலை செய்ய முடியும் என்பதை மட்டும் முதலாளிக்குச் சொல்வார். நோய் ஆறாவது வாரத்தைத் தொடும்போது அவருடைய ஆய்வு தயாராக வேண்டும், எட்டாவது வாரத்துக்குள் வேலைக்குத் திரும்பும் திட்டத்தை முதலாளியும் தொழிலாளியும் சேர்ந்து எழுத வேண்டும். எங்களிடம் மருத்துவரும் இல்லை, திட்டமும் இல்லை.

ஜூலை பில் வரவில்லை. பில் இல்லாததால் பணமும் போகவில்லை. ஆகஸ்டில் முதலாளி தன் கையிலிருந்து 500 யூரோ அனுப்பி, 'வைத்தியச் செலவுக்கு' என்று எழுதினார். செப்டம்பர் நடுவில், சரக்குத் தேங்குகிறது, வேறு ஆளைப் போட வேண்டியிருக்கிறது என்று ஒரு மின்னஞ்சல் அனுப்பி ஒப்பந்தத்தை முடித்தார். ஒரு மாதப் பணம் தருவதாகவும் அதில் எழுதினார். கேரளத்துக் கடை, அலுவலகச் சட்டத்தில், ஆறு மாதம் தொடர்ந்து வேலை பார்த்தவரை நீக்க நியாயமான காரணமும் ஒரு மாத முன்னறிவிப்போ சம்பளமோ வேண்டும். தமிழ்நாட்டுச் சட்டத்திலும் கிட்டத்தட்ட அதேதான். முதலாளிக்குப் பழகிய கணக்கு அது. தாராளமாகவே நடந்துகொண்டோம் என்று நினைத்தார்.

அக்டோபரில் வந்த கடிதம்

டச்சு மொழியில் நான்கு பக்கம், ஆங்கில மொழிபெயர்ப்போடு, அவருடைய சட்ட ஆலோசகரிடமிருந்து வந்தது. களத்து அலுவலகத்தில், தூள் படிந்த மேசையில் வைத்து வரி வரியாகப் படித்தோம். படிக்கப் படிக்க எனக்கு வியர்த்தது.

முதல் விஷயம் அவர் யார் என்பது. மூன்று மாதம் தொடர்ந்து, வாரந்தோறும் அல்லது மாதம் 20 மணி நேரமாவது சம்பளத்துக்கு ஒருவருக்காக வேலை செய்தால், அது வேலை ஒப்பந்தம் என்றே டச்சுச் சட்டம் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று காட்ட வேண்டியது முதலாளியின் பொறுப்பு. உணவு கொண்டுபோய்க் கொடுக்கும் டெலிவரூ நிறுவனத்தின் ஆட்களைத் தொழிலாளர் என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2023 மார்ச் 24 அன்று சொன்ன தீர்ப்பும் கடிதத்தில் இருந்தது. எங்கள் வாட்ஸ்அப் செய்திகளின் படங்கள் பின்னிணைப்பாக வந்திருந்தன. 'அப்புறம் போங்க' என்ற செய்தி உட்பட.

பாலக்காட்டு நீதிமன்றம் என்ற வரி? அது ஒரே பத்தியில் போய்விட்டது. ஒப்பந்தத்தில் எந்த நாட்டுச் சட்டத்தை எழுதினாலும், தொழிலாளி வழக்கமாக வேலை செய்யும் நாட்டுச் சட்டம் கட்டாயமாகத் தரும் பாதுகாப்பை அதனால் பறிக்க முடியாது என்று ஐரோப்பிய ஒன்றியத்தின் 'ரோம் 1' விதிகளின் எட்டாம் பிரிவு சொல்கிறது. வழக்கையும் அவர் வேலை செய்யும் ஊரிலேயே போடலாம். முதலாளி ஒன்றியத்துக்கு வெளியே இருந்தாலும் போடலாம்.

அடுத்து நோய்க்காலச் சம்பளம். இதுதான் முதலாளியைக் கலங்க அடித்தது. நம் களத்தில் மாதம் 21,000 ரூபாய்க்குள் வாங்குகிறவர் படுத்துவிட்டால், இ.எஸ்.ஐ. மூலம் சம்பளத்தில் 70 சதவீதம், வருடத்துக்கு 91 நாள் வரை கிடைக்கும். அங்கேயும் குறைந்தது 70 சதவீதம்தான். எண் ஒன்றே. ஆனால் அங்கே தருவது காப்பீட்டுக் கழகம் அல்ல, முதலாளியேதான். 91 நாள் அல்ல, 104 வாரம். முதல் வருடத்தில் அந்தத் தொகை குறைந்தபட்ச ஊதியத்துக்குக் கீழே போகவும் கூடாது. 2024 ஜூலையில் அது மணிக்கு 13.68 யூரோ. எங்கள் கணக்குக்கு மாதம் 1,960 யூரோ வந்தது. இரண்டு வருடமும் அவர் எழுந்திருக்காவிட்டால் 47,040 யூரோ. அப்போது யூரோ தொண்ணூறு ரூபாயைச் சுற்றி இருந்தது. 42 லட்சத்துக்கு மேல்.

"எந்திரிச்சே நடக்காதவங்களுக்கு ரெண்டு வருசம் சம்பளமா?" என்றார் முதலாளி. அந்தக் கேள்வியில் கோபத்தைவிட மலைப்புதான் அதிகம். அங்குள்ள சிறு முதலாளிகள் இதற்கென்றே காப்பீடு எடுத்து வைத்துக்கொள்கிறார்கள். நாங்கள் சட்டத்தையே பார்க்காதபோது காப்பீடு எங்கே எடுப்பது?

நீக்கிய மின்னஞ்சல் செல்லாது என்றது மூன்றாவது பகுதி. நோயின் முதல் இரண்டு வருடத்தில் தொழிலாளிக்கு நோட்டீஸ் கொடுக்கவே தடை இருக்கிறது. நோய் இல்லாத காலத்திலும் தொழிலாளியின் சம்மதம், அல்லது யூ.டபிள்யூ.வி. என்ற அரசு அமைப்பின் அனுமதி, அல்லது நீதிமன்ற உத்தரவு வேண்டும். நீக்கத்தை ரத்து செய்யும்படி நீதிமன்றத்தில் கேட்க அவருக்கு இரண்டு மாதம் அவகாசம். அது இன்னும் முடியவில்லை.

மற்றவை சின்னத் தொகைகள். வருடச் சம்பளத்தில் 8 சதவீதம் விடுமுறைப்படி, 18 மாதத்துக்கு 4,032 யூரோ. வாரத்தில் எத்தனை நாள் வேலையோ அதைப்போல் நான்கு மடங்கு விடுப்பு, அதாவது வருடத்துக்கு 16 நாள். எடுக்காமல் நின்ற 16 நாளுக்கு 2,585 யூரோ. பிடித்து வைத்த சம்பளத்துக்குத் தாமத அபராதம் 50 சதவீதம் வரை போகலாம். முதலாளி அனுப்பிய 500 யூரோ? அதை உதவி என்று எழுதிவிட்டதால், சம்பளத்தில் கழிக்க முடியாது என்று எழுதியிருந்தார்கள். அந்த வரிதான் அவரை எல்லாவற்றையும்விட அதிகம் புண்படுத்தியது.

எப்படி முடிந்தது

வழக்கு நடத்தலாம் என்று சொன்னவர்கள் உண்டு. ஹாலண்ட் தீர்ப்பை இங்கே வந்து நிறைவேற்ற முடியுமா என்று ஒருவர் கேட்டார். நான் அதை எதிர்த்தேன். சரக்கு போவது ஹாலண்டுக்கு, பணம் வருவது ஹாலண்டிலிருந்து. வாங்குபவர் கையில் இருக்கும் நம் பணத்தை அங்கேயே நிறுத்தி வைக்க அவர்கள் முயன்றால் நம் பாடு என்ன? அதைவிட முக்கியமாக, அந்தப் பெண் கேட்டது அவருக்கு உரியது. பதினெட்டு மாதம் குளிரில் தோட்டம் தோட்டமாகப் போய் நம் சரக்கின் பெயரைக் காப்பாற்றியவர். நம் களத்தில் ஒரு தொழிலாளி படுத்தால் இ.எஸ்.ஐ. படிவத்தை நானே நிரப்பி அனுப்புகிறேன். அவருக்கு மட்டும் ஏன் அது கூடாது?

முதலாளி இரண்டு நாள் யோசித்தார். பிறகு அவரே கூப்பிட்டுப் பேசினார். "அம்மணி, நோயைப் பத்திக் கேக்கலை. நீங்க நம்ம ஆளுதான்னு எழுதித் தாறேன். பழைய கணக்கைத் தீத்துக்கலாம்" என்றார்.

நீக்கக் கடிதம் திரும்பப் பெறப்பட்டது. படியும் விடுப்புப் பணமும் முழுதாகப் போயின. சம்பளப் பாக்கியும் போனது. தாமத அபராதத்தைப் பெரும்பகுதி விட்டுக்கொடுத்தார்கள். அங்குள்ள ஒரு சம்பளப் பட்டியல் நிறுவனத்தின் வழியாக வேலை ஒப்பந்தம் எழுதப்பட்டது. அவர்களே வேலை தருபவர் பதிவு, வரிப் பிடித்தம், மருத்துவச் சேவை எல்லாம் பார்க்கிறார்கள், கட்டணம் வாங்கிக்கொள்கிறார்கள். இந்தியாவுக்கும் நெதர்லாந்துக்கும் சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தம் ஒன்று இருக்கிறது, அதைக் காட்டித் தப்பலாமா என்றும் பார்த்தோம். அது இங்கிருந்து அங்கே அனுப்பப்படும் ஊழியருக்கு. அங்கேயே வாழ்பவருக்கு அல்ல. வரி விஷயம் தனிக் கதை, ஆடிட்டர் இன்னும் அதில் உட்கார்ந்திருக்கிறார்.

2025 ஜனவரியில் பணியிட மருத்துவர் அரை நேர வேலைக்குச் சரி என்றார். வீட்டிலிருந்தபடி புகார்ப் படங்களைச் சரிபார்க்கும் வேலை. ஏப்ரலில் முழு நேரம். முதல் நாள் அனுப்பிய படத்தில் மீட்டர் 0.5 காட்டியது. முதலாளி அதை என்னிடம் நீட்டி, "நல்லாக் கழுவியிருக்குதுங்க" என்றார், வேறெதுவும் பேசவில்லை.

இதற்குப் பிறகு வெளிநாட்டில் ஆள் வைக்கப்போகிறேன் என்று என்னிடம் வருகிறவர்களிடம் நான் சம்பளத்தைக் கேட்பதில்லை. அந்த ஆள் எந்த ஊரில் உட்கார்ந்து வேலை செய்வார், நேரம் யார் வைப்பார்கள், நாளைக்குப் படுத்துவிட்டால் யார் சோறு போடுவது, வேண்டாம் என்றால் எப்படி அனுப்புவது, இதைத்தான் கேட்கிறேன். இந்த நான்கிற்கும் அந்த நாட்டு வக்கீல் ஒருவரிடம் ஒரு மணி நேரம் பணம் கொடுத்துக் கேட்டிருந்தால், எங்களுக்கு ஆன செலவில் ஒரு சிறு பங்குதான் ஆகியிருக்கும். மாதிரி ஒப்பந்தங்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. அவற்றில் பெயரை மட்டும் மாற்றிக் கையெழுத்துப் போடுவதை நான் இனி ஒப்புக்கொள்வதாக இல்லை.

போன மாதம் ஸ்பெயினில் அல்மேரியா பக்கத்துத் தோட்டக்காரர் ஒருவர் சரக்குக் கேட்டிருக்கிறார். அங்கேயும் ஒரு ஆள் வேண்டும் என்று முதலாளி கூப்பிட்டார்.

"மொதல்ல இதச் சொல்லுங்க. அங்க லீவு எத்தன நாளுங்க?"

வருடத்துக்கு 30 நாள், ஞாயிறும் சேர்த்து எண்ணுவார்கள் என்றேன்.

"சரி. நோய்க்கு?"

அதை அந்த ஊர் வக்கீலிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.